கல்லீரல் அறுவை சிகிச்சையில் ரத்த இழப்பைக் குறைப்பது எப்படி? வீட்டிலிருந்து தியேட்டர் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

"எத்தினி பாட்டில் ரத்தம் வேணும்னு மட்டும் சொல்லுங்க டாக்டர். ஏரியா பசங்கள இட்டாந்துடுறேன்."

காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் ஒரு அக்கா கேட்டது இது. அவருடைய அப்பாவுக்குக் கல்லீரலில் கட்டி என்று அன்றுதான் உறுதியாகியிருந்தது. வடசென்னையில் மயக்க மருத்துவராக வேலை பார்க்கும் எனக்கு இந்தக் கேள்வி பழக்கப்பட்டதுதான். ஈரல் ஆபரேஷன் என்றாலே ரத்தம் கொட்டும், பாட்டில் பாட்டிலாக ஏற்றுவார்கள் என்ற பயம் இங்கே எல்லோருக்கும் இருக்கிறது. காரணமில்லாத பயம் என்று சொல்லமாட்டேன். நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு பெரிய கல்லீரல் அறுவையில் பத்தில் ஒருவராவது உயிரிழந்த காலம் உண்டு. அதில் ரத்தப்போக்குக்குப் பெரிய பங்கு. இன்றோ, நல்ல குழு இருக்கும் இடங்களில் பல நோயாளிகள் ஒரு பை ரத்தம்கூட ஏற்றாமல் வீட்டுக்குப் போகிறார்கள்.

அந்த அக்காவிடம் சொன்னேன்: "பசங்கள கூட்டிட்டு வாங்க. ஆனா அந்த ரத்தத்தைத் தொடாம ஆபரேஷனை முடிக்கணும்னுதான் எங்களுக்கு ஆசை. அதுக்கு இன்னும் மூணு வாரம் உங்க வீட்டுலயும் வேலை இருக்கு." அவருக்கு அன்று துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். முன்பாதி நோயாளிக்கும் வீட்டாருக்கும். பின்பாதி தியேட்டருக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கும், பயிற்சியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கும்.

குழாய்கள் எப்படி ஓடுகின்றன

கசாப்புக் கடையில் ஆட்டு ஈரலைக் கையில் வாங்கியிருப்பீர்கள். வழவழவென்று இருக்கும், அழுத்தினால் ரத்தம் கசியும், நூல் போட்டுக் கட்டினால் நூல் உள்ளே அறுத்துக்கொண்டு போகும். மனித ஈரலும் அப்படித்தான். எடை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் ரத்தம் அதன் வழியாகப் போகிறது. இதயம் வெளியே தள்ளுவதில் கால் பங்கு.

ரத்தம் உள்ளே வர இரண்டு வழி. குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை முக்கால் பங்கைக் கொண்டுவருகிறது, ஹெபாடிக் தமனி மீதியை. வெளியே போக மூன்று பெரிய சிரைகள். அவை இதயத்துக்குப் போகும் கீழ்ப்பெருஞ்சிரையில் நேராகத் திறக்கின்றன. இந்த மூன்றுக்கும் வால்வு கிடையாது. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயம்தான் மனதில் நிற்கும் என்றால், அது இந்த வால்வு இல்லாத விஷயமாக இருக்கட்டும்.

ஏன் என்று வியாசர்பாடிக்காரர்களுக்கும் கொருக்குப்பேட்டைக்காரர்களுக்கும் சொல்லவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டு, அதே நேரத்தில் கடலும் ஏறியிருந்தால் என்ன ஆகும்? கேப்டன் காட்டன் கால்வாயும் பக்கிங்காம் கால்வாயும் வடியாது. போக வேண்டிய தண்ணீர் எதிர்த்துக்கொண்டு தெருவுக்குள் வரும். மேலிருந்து வரும் தண்ணீரை நிறுத்திவிட்டாலும் பயனில்லை. கடல் மட்டம் இறங்கினால்தான் தெரு வடியும். ஈரலை வெட்டும்போதும் இதே கதைதான். உள்ளே வரும் இரண்டு குழாயையும் அடைத்துவிட்டாலும், கீழ்ப்பெருஞ்சிரையில் அழுத்தம் ஏறியிருந்தால் வெளியே போகும் சிரைகள் வழியாக ரத்தம் பின்னோக்கி வந்து கொட்டும்.

ஆகவே வேலை இரண்டு. குழாயை அடைப்பது சர்ஜனுடையது. கடலை இறக்குவது என் போன்ற மயக்க மருத்துவருடையது.

முதல் படி: ரத்த அளவை ஏற்றிக்கொண்டு வாருங்கள்

ஆபரேஷனில் அரை லிட்டர் ரத்தம் போவதாக வைத்துக்கொள்வோம். ஹீமோகுளோபின் 13 இருப்பவர் அதைத் தாங்கிக்கொள்வார். 9 இருப்பவருக்கு ரத்தம் ஏற்ற வேண்டிவரும். போன ரத்தம் ஒரே அளவு, விளைவு வேறு வேறு. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. தேதி குறித்த அன்றே இந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஆபரேஷனுக்கு முந்தைய நாள் பார்த்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

சுவரொட்டி வாங்கிச் சமைத்துக் கொடுத்தால் ரத்தம் ஊறும் என்று நம் பாட்டிமார் சொன்னதில் பொய்யில்லை. ஆட்டு மண்ணீரலில் இரும்புச்சத்து நிறையவே உண்டு. ஆனால் மூன்று வாரத்தில் 9-ஐ 12 ஆக்க அது போதாது. இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு எடுக்கலாம். டீ, காபியோடு எடுத்தால் உடலில் சரியாகச் சேராது. நாளுக்கு நாலு டீ குடிக்கும் ஊரில் இதைச் சொல்லாமல் விடக்கூடாது. நாள் குறைவாக இருந்தால் நரம்பு வழியாக ஏற்றும் இரும்பு ஊசி நல்ல வழி. அதற்கும் இரண்டிலிருந்து நான்கு வாரம் கொடுத்தால்தான் முழுப் பலன். இரும்பு மட்டும்தான் குறைவா, பி12-ம் குறைவா, மூலத்திலோ குடலிலோ ரத்தம் போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். குடல் புற்று ஈரலுக்குப் பரவியவர்களில் ரத்தசோகைக்குக் காரணம் குடலிலேயே இருக்கலாம்.

இரண்டாம் படி: மாத்திரைப் பையைக் கொட்டுங்கள்

வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும், பாட்டிலையும், சூரணத்தையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். "சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும்தான் டாக்டர்" என்பார்கள். பையைக் கொட்டினால், ரத்தம் கட்டாமலிருக்க இதயத்துக்காகக் கொடுத்த குளோபிடோகிரல் கீழே விழும்.

வழக்கமாக குளோபிடோகிரலை 5 நாள் முன்பும், வார்ஃபரினை 5 நாள் முன்பும், அபிக்ஸபான், ரிவராக்ஸபான் வகையை 2, 3 நாள் முன்பும் நிறுத்துவோம். ஆஸ்பிரினைச் சிலருக்கு நிறுத்தாமலே ஆபரேஷன் செய்வோம். ஆனால் இந்த நாள்கணக்கைப் படித்துவிட்டு நீங்களாகவே எதையும் நிறுத்தாதீர்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்துச் சில மாதமே ஆனவர் மாத்திரையைத் தானாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும், அது ரத்தப்போக்கைவிட வேகமாகக் கொல்லும். இதய டாக்டர், சர்ஜன், மயக்க டாக்டர் மூவரும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம். முதுகுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கிப் போடும் டைக்ளோபினாக், மீன் எண்ணெய் மாத்திரை, பூண்டு மாத்திரை, நாட்டு மருந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். திட்டமாட்டோம்.

மூன்றாம் படி: ஈரலையே இளக வைப்பது

கொழுப்பு படிந்த ஈரல் வெண்ணெய் மாதிரி நொறுங்கும். கத்தி படும் இடமெல்லாம் கசியும். இதற்கு அழகான ஒரு தீர்வு இருக்கிறது, செலவும் இல்லை. 2019-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், எடை கூடியவர்களை ஆபரேஷனுக்கு முன் ஒரே ஒரு வாரம் நாளுக்கு 800 கலோரி, குறைந்த கொழுப்பு, போதிய புரதம் என்ற உணவில் வைத்தார்கள். அவர்களுக்குப் போன ரத்தம், வழக்கம்போலச் சாப்பிட்டவர்களுக்குப் போனதில் ஏறக்குறைய பாதிதான். ஒரு வாரத்தில் உடம்பு இளைக்காது. ஆனால் ஈரல் கொழுப்பை முதலில் விட்டுவிடுகிறது. எல்லோருக்கும் இது பொருந்தாது. மெலிந்து போனவர், சிரோசிஸ் (ஈரல் தழும்பாகி இறுகிப்போகும் நோய்) உள்ளவர், இன்சுலின் போடுகிறவர் டாக்டரையும் உணவு ஆலோசகரையும் கேட்காமல் தொடவே கூடாது. மற்றவர்களுக்கு நான் எளிமையாகச் சொல்வது: பரோட்டா, பீச் ஸ்டேஷன் அத்தோ நூடுல்ஸ், வறுவல் எல்லாம் ஆபரேஷன் முடியும்வரை லீவு, மீன் குழம்பு வையுங்கள், வறுக்காதீர்கள்.

மது பற்றி ஒரே வரி: தேதி குறித்த அன்று நிறுத்துங்கள், தினமும் குடிப்பவராக இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம்.

கீமோ எடுத்தவர்களுக்கு இன்னொரு கணக்கு. ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து ஈரலின் நுண்ணிய ரத்த வழிகளைச் சேதப்படுத்தும். ஈரல் நீலம் பாரித்து வீங்கியிருக்கும், தொட்டால் கசியும். கடைசி கீமோவுக்கும் ஆபரேஷனுக்கும் நடுவில் நான்கிலிருந்து ஆறு வாரம் விடுவது அதற்காகத்தான். கட்டி வளர்ந்துவிடுமே என்று அவசரப்படும் வீட்டாருக்கு இதைப் பொறுமையாக விளக்க வேண்டியிருக்கிறது.

நான்காம் படி: ஐஎன்ஆர் என்ற எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்

இது இளம் மருத்துவர்களுக்கு. ஐஎன்ஆர் என்பது ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று காட்டும் எண்; கூடினால் மெதுவாக உறைகிறது என்று பொருள். சிரோசிஸ் நோயாளிக்கு ஐஎன்ஆர் 1.7 என்று வந்ததும் கை பரபரக்கும், நாலு பை பிளாஸ்மா (உறைய வைக்கும் புரதங்கள் உள்ள ரத்தத்தின் நீர்ப்பகுதி) ஏற்றி "சரி செய்துவிட்டு" தியேட்டருக்கு அனுப்பலாம் என்று தோன்றும். நானும் செய்திருக்கிறேன். ஈரல் ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களையும் உருவாக்குகிறது, உறையாமல் தடுக்கும் புரதங்களையும் உருவாக்குகிறது. ஈரல் கெடும்போது இரண்டுமே குறையும். ஐஎன்ஆர் முதல் வகையை மட்டும் அளக்கிறது. தராசின் ஒரு தட்டை மட்டும் பார்த்து எடை சொல்வது மாதிரி.

சரி, ஏற்றினால் என்ன கெட்டுப்போகும்? ஒரு பை பிளாஸ்மா 200, 250 மி.லி. நாலு பை என்றால் ஏறக்குறைய ஒரு லிட்டர். அந்த ஒரு லிட்டர் போய்ச் சேருவது சிரைகளில்தான். கடலை நாமே ஏற்றிவிட்டோம். ரத்தம் உறைய ஏற்றியது, ரத்தம் கொட்டக் காரணமாகிவிடும். டெக் அல்லது ரோட்டம் கருவி இருந்தால் ரத்தம் உண்மையில் எப்படி உறைகிறது என்று பார்த்துக் கொடுக்கலாம். இல்லாவிட்டால், கண்ணெதிரே கசிவு இருந்தால் மட்டும் கொடுங்கள். மஞ்சள் காமாலையில் பித்தக்குழாய் அடைத்தவர்கள் வேறு ரகம். அவர்களுக்கு வைட்டமின் கே ஊசி நன்றாகவே வேலை செய்யும்.

பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே, மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்றால் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட சிலருக்கு வெட்டுவதைவிட ஊசி வழியாகக் கட்டியைச் சுடுவதோ, கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைப்பதோ நல்லது. ஆபரேஷனே செய்யாமல் விடுவதும் ரத்த இழப்பைக் குறைக்கும் வழிதான்.

ஐந்தாம் படி: ரத்தம் ஏற்பாடு

தொடாமல் முடிக்க ஆசைப்படுகிறோம் என்பதற்காக இல்லாமல் போகக்கூடாது. குரூப் பார்த்து, பொருத்தம் பார்த்த ரத்தம் ரத்த வங்கியில் தயாராக இருக்க வேண்டும்.

ரத்தம் கொடுக்க வரும் நண்பர்களுக்கு: வயது 18 முதல் 65 வரை, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். முன்பு கொடுத்திருந்தால் ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும். முந்தின ராத்திரி குடித்தவரும், சமீபத்தில் பச்சை குத்தியவரும் வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு ரத்தம் கொடுப்பது 1998 முதல் நம் நாட்டில் தடை. ஆஸ்பத்திரி வாசலில் யாராவது அப்படிப் பேரம் பேசினால் நகர்ந்துவிடுங்கள். பெற்ற பிள்ளையோ கூடப்பிறந்தவரோ "என் ரத்தத்தையே ஏத்துங்க" என்று நிற்பார்கள். பாசம் புரிகிறது. ஆனால் நெருங்கிய ரத்த உறவின் ரத்தத்தைக் கதிர்வீச்சு கொடுக்காமல் ஏற்றினால், அரிதாக, அதிலுள்ள வெள்ளணுக்கள் நோயாளியின் உடலையே தாக்கும். வங்கிக்கு நீங்கள் கொடுங்கள். வேறொருவர் கொடுத்தது உங்கள் அப்பாவுக்குப் போகட்டும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் நாளே காப்பீட்டு மேசையில் காட்டிப் பதிவு செய்துவிடுங்கள். ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். அனுமதி தாமதமாகி, தேதி தள்ளிப்போய், ஏற்றிய இரும்பும் இருந்த பத்தியமும் வீணாவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆறாம் படி: வரைபடம்

பிரெஞ்சு நாட்டு உடற்கூறு நிபுணர் குய்னோ 1957-ல் ஈரலை எட்டுப் பகுதிகளாகப் பிரித்துக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் தனியாக ரத்தம் வரும் கிளை உண்டு. எந்தப் பகுதியை எடுக்கிறோமோ அதற்குப் போகும் கிளையை முதலில் கட்டிவிட்டால் அந்தப் பகுதி நிறம் மாறி எல்லை தெரியும், அந்த எல்லையில் வெட்டினால் பெரிய குழாய்கள் குறுக்கே வருவது குறைவு. மூன்று கட்ட சிடி ஸ்கேனை சர்ஜனும் ரேடியாலஜிஸ்ட்டும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பது இதற்காகத்தான். கட்டிக்கும் பெரிய சிரைக்கும் எவ்வளவு தூரம், மிச்சமிருக்கும் ஈரல் போதுமா என்று பார்ப்பார்கள். நல்ல ஈரலில் இருபது சதவீதம், கீமோ பட்ட ஈரலில் முப்பது, சிரோசிஸில் நாற்பது சதவீதமாவது மிஞ்ச வேண்டும். தியேட்டருக்குள்ளும் அல்ட்ராசவுண்ட் கருவியை ஈரல் மேலேயே வைத்துப் பார்த்து வெட்டும் கோட்டை வரைவார்கள்.

ஏழாம் படி: கடலை இறக்குவது

இப்போது என் வேலைக்கு வருகிறேன்.

பயிற்சியில் இருந்த காலத்தில், ஒரு பெரிய ஈரல் ஆபரேஷனில் நான் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டேன். ரத்தம் போகப் போகிறதே, முன்னாலேயே நிரப்பி வைப்போம் என்று ஆரம்பத்திலேயே இரண்டு லிட்டர் சலைன் ஏற்றிவிட்டேன். பிரஷர் அருமையாக இருந்தது. வெட்ட ஆரம்பித்ததும் சிரைகள் குழாய் பம்பு அடித்த மாதிரி பொங்கின. சர்ஜன் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "எவ்வளவு ஏத்தின?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு ஆறு பை ரத்தம் போனது. நோயாளி பிழைத்தார். நான் பாடம் படித்தேன்.

வேறு ஆபரேஷன்களில் முதலில் நிரப்புவோம். ஈரலில் காயவிட வேண்டும். 1990-களின் இறுதியில் வெளியான ஆய்வுகள் மைய சிரை அழுத்தத்தை (இதயத்துக்குள் நுழையும் பெருஞ்சிரையில் உள்ள அழுத்தம், நம் கடல் மட்டம்) 5-க்குக் கீழே வைத்தால் ரத்த இழப்பு பெருமளவு குறைகிறது என்று காட்டின. செய்யும் முறை இது:

ஈரலை வெட்டி முடிக்கும்வரை திரவத்தைக் கட்டுப்படுத்துங்கள். மணிக்குக் கிலோவுக்கு ஒரு மி.லி. அளவே ஓடட்டும். வென்டிலேட்டரில் மூச்சின் அளவைச் சிறிதாகவும், பீப் அழுத்தத்தை (மூச்சு வெளியேறிய பிறகும் நுரையீரலில் நிற்கும் அழுத்தம்) குறைவாகவும் வையுங்கள். நெஞ்சில் அழுத்தம் ஏறினால் கீழ்ப்பெருஞ்சிரையிலும் ஏறும். தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்துங்கள். இன்னும் இறங்கவில்லை என்றால் மயக்க வாயுவைக் கொஞ்சம் கூட்டலாம், சிரைகளைத் தளர்த்தும் நைட்ரோகிளிசரின் சிறிதளவு ஓடவிடலாம், சிறுநீரைக் கூட்டும் ஃபுரோசமைடு கொடுக்கலாம். மேல் பிரஷர் விழுந்தால் சலைன் பாட்டிலைத் தேடாதீர்கள். நோர்அட்ரினலின் சிறிய அளவில் தாங்கிப் பிடிக்கும்.

எண்ணை மட்டும் பார்க்கவும் வேண்டாம். கழுத்துச் சிரையில் போட்ட லைனில் எண் 4 காட்டும்போதே சிரை பொங்கும் நோயாளிகள் உண்டு. திரைக்கு மேலாக எட்டிப் பாருங்கள். கீழ்ப்பெருஞ்சிரை தளர்ந்து தட்டையாக, மூச்சுக்கு ஏற்ப அசைந்தால் நல்லது. உருண்டு நீலமாக விறைத்து நின்றால் இன்னும் இறக்க வேண்டும். "டைட்டா இருக்கா, லூஸா இருக்கா?" என்று சர்ஜனைக் கேட்பது எந்த மானிட்டரைவிடவும் மேலானது.

கனடாவில் அண்மையில் சோதித்த ஒரு வழி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வெட்டுவதற்கு முன்பு நோயாளியின் ரத்தத்தையே கிலோவுக்கு 7 முதல் 10 மி.லி. வரை ஒரு பையில் எடுத்துவிடுகிறார்கள், பதிலுக்குத் திரவம் எதுவும் ஏற்றுவதில்லை. கடல் தானாக இறங்கிவிடுகிறது. வெட்டி முடித்ததும் அவர் ரத்தத்தை அவருக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். வேறொருவர் ரத்தம் தேவைப்பட்டவர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியானது. விலையுயர்ந்த கருவி ஒன்றும் வேண்டாம்; ஒரு ரத்தப் பையும், தராசும், கவனமான ஆளும் போதும்.

ஆபத்தும் உண்டு. சிரையில் அழுத்தம் மிகக் குறைந்திருக்கும்போது அது கிழிந்தால் ரத்தம் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். மூச்சில் வரும் கார்பன் டை ஆக்ஸைடு அளவு சட்டென்று விழுந்தால் அதுதான். உடனே சத்தம் போடுங்கள்: சர்ஜன் விரலை வைத்து அடைத்து வயிற்றைச் சலைனால் நிரப்புவார், நீங்கள் தலையைத் தாழ்த்தி, நூறு சதவீத ஆக்ஸிஜன் கொடுத்து, திரவம் ஏற்றுங்கள். சிறுநீரகம் கெட்டவர், இதயக்குழாய் அடைப்பு உள்ளவர், முதியவர் ஆகியோரிடம் இவ்வளவு இறக்கத் துணியாதீர்கள்.

உடம்புச் சூடும் உங்கள் பொறுப்பு. 36 டிகிரிக்குக் கீழே போனால் ரத்தம் சரியாக உறையாது. சூடான காற்றுப் போர்வையும் சூடாக்கிய திரவமும் வேண்டும். ஏசி குளிரில் சர்ஜன் சௌகரியமாக இருக்கிறார் என்றால் நோயாளி நடுங்கிக்கொண்டிருப்பார்.

எட்டாம் படி: குழாயை அடைப்பது, ஈரலை வெட்டுவது

கிளாஸ்கோ நகரில் வேலை பார்த்த சர்ஜன் ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள், அடிபட்டு ஈரல் கிழிந்து வருகிறவர்களின் ரத்தப்போக்கை நிறுத்த, உள்ளே வரும் குழாய்களைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து அழுத்தலாம் என்று 1908-ல் எழுதினார். நூறு ஆண்டுகள் தாண்டியும் அதே வழிதான். விரலுக்குப் பதில் இன்று ஒரு நாடாவைச் சுற்றி இறுக்குகிறோம்.

15 நிமிடம் அடைத்து 5 நிமிடம் விட வேண்டும். கெட்டுப்போன ஈரல் தொடர்ச்சியான அடைப்பைத் தாங்காது, இடைவெளி விட்டால் தாங்கும். எங்கள் தியேட்டரில் சிஸ்டர் ஒருவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே "பத்து நிமிஷம் சார்... பதிமூணு" என்று குரல் கொடுப்பார். அந்தக் குரல் இல்லாத நாளில் 15 நிமிடம் எப்படியோ 22 ஆகிவிடும். விடும் நேரத்தில் மேல் பிரஷர் இறங்கும், ஆகவே விடுவதற்கு முன் மயக்க டாக்டரிடம் சொல்ல வேண்டும். அடைத்த பிறகும் சிவப்பு ரத்தம் பீறிட்டால், இடது ஈரலுக்கு இரைப்பைப் பக்கமிருந்து தனித் தமனி வருகிறதா என்று பாருங்கள். சிலருக்கு அப்படி இருக்கும். நாடாவுக்குள் அது அகப்படாது. கருத்த ரத்தம் வந்தால் அது பின்னோக்கி வருவது. திரைக்கு இந்தப் பக்கம் இருக்கும் மயக்க டாக்டரிடம் சொல்லுங்கள்.

வெட்டும் கருவி பற்றி எப்போதும் ஒரு சண்டை உண்டு. ஒலி அலையால் திசுவைக் கரைத்துக் குழாய்களை மட்டும் விடும் குசா, தண்ணீரைப் பீய்ச்சி வெட்டும் கருவி, சூட்டால் ஒட்டும் கருவி என்று பல. சூரிச் நகரில் 100 நோயாளிகளிடம் ஒப்பிட்டு 2005-ல் வெளியிட்டார்கள். பிரிங்கிள் அடைப்போடு, சாதாரண கிளாம்ப்பால் ஈரலை நசுக்கி, வெளித்தெரியும் குழாய்களைக் கட்டிக்கொண்டு போகும் பழைய முறைதான் வேகமாகவும், குறைந்த ரத்த இழப்போடும், மலிவாகவும் இருந்தது. குசா இல்லை என்று எந்த அரசு ஆஸ்பத்திரி சர்ஜனும் கூச்சப்பட வேண்டியதில்லை. இருப்பவர்கள் பயன்படுத்தட்டும், கட்டி பெரிய சிரையை ஒட்டியிருக்கும்போது அது கையில் இருப்பது நிம்மதிதான்.

பெரிய வலது ஈரல் ஆபரேஷன்களில், ஈரலுக்கும் கீழ்ப்பெருஞ்சிரைக்கும் நடுவில் ஒரு நாடாவை விட்டு ஈரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெட்டும் முறை 2001-ல் பாரீஸ் பக்கமிருந்து வந்தது. ஆழத்தில் வரும் கசிவைக் கட்டுப்படுத்த நன்றாக உதவும்.

லேப்ராஸ்கோப்பி முறையில் வயிற்றுக்குள் நிரப்பும் வாயுவே சிரைகளை அழுத்திப் பிடிப்பதால் கசிவு குறைகிறது. பழகிய கைகளுக்கு மட்டும்.

ரத்தம் பொங்கிவிட்டால்

விரல்தான் முதல் கருவி. கிழிந்த இடத்தில் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள், கண்மூடித்தனமாகக் கிளாம்ப் போடாதீர்கள். சிறு கிழிசல் பெரிதாகும். அழுத்திப் பிடித்த அந்த இரண்டு நிமிடத்தில் மயக்க டாக்டர் நிலைமையைச் சமாளித்துக்கொள்வார், ரத்தம் வந்துசேரும், மெல்லிய புரோலின் நூல் தயாராகும். முடியவே இல்லை என்றால் பஞ்சுத் துணிகளை வைத்து இறுக்கி, வயிற்றை மூடி, ஐசியூவில் சூடேற்றி, ஒன்றிரண்டு நாள் கழித்துத் திரும்ப வருவது தோல்வி கிடையாது.

எவ்வளவு போனது என்று கண்ணால் மதிப்பிடுவதை நம்பாதீர்கள். துணிகளை எடை போடுங்கள், ஒரு கிராமுக்கு ஒரு மி.லி. உறிஞ்சிய பாட்டிலில் கழுவிய தண்ணீரைக் கழியுங்கள். ரத்தத்தை ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால் ஏற்றுங்கள், இதய நோய் இருந்தால் 8. ஒரு பைக்கு ஏறக்குறைய ஒரு கிராம் ஏறும். நிறைய ஏற்ற நேர்ந்தால் சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட் மூன்றும் சேர்ந்து போகட்டும். கால்சியத்தை மறக்கவே கூடாது. ரத்தப் பையில் இருக்கும் சிட்ரேட் உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சிட்ரேட்டைக் கரைக்க வேண்டியது ஈரல்; அதைத்தான் நாம் அடைத்து வைத்திருக்கிறோம்.

டிரானெக்சாமிக் அமிலம் விபத்திலும் பிரசவத்திலும் ரத்தப்போக்கைக் குறைத்து உயிர் காக்கும் மருந்து. அதனால் ஈரல் ஆபரேஷனிலும் எல்லோருக்கும் போடும் வழக்கம் வந்தது. 1,200-க்கும் மேற்பட்ட புற்றுநோயாளிகளிடம் கனடாவிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வு 2024-ல் வந்தது: ரத்தம் ஏற்றும் தேவை குறையவில்லை, சிக்கல்கள்தான் கூடின. அதன் பிறகு நான் வழக்கமாகப் போடுவதை விட்டுவிட்டேன்.

வெட்டி முடித்த பிறகு

இப்போதுதான் நிரப்ப வேண்டும். ஒதுக்கி வைத்திருந்த திரவத்தைக் கொடுத்து, மூச்சை ஒரு முறை அழுத்திப் பிடித்து, கடல் மட்டத்தைச் சற்று ஏற்றிக்காட்ட வேண்டும். அடங்கிக் கிடந்த சிறு சிரைகள் அப்போது கசிந்து தங்களைக் காட்டிக்கொடுக்கும், சர்ஜன் தைத்துவிடுவார். இதைச் செய்யாமல் மூடினால் அவை நடுராத்திரி வார்டில் திறந்துகொள்ளும்.

முதல் 48 மணி நேரம், வயிற்றுக்குள் சேர்வதை வெளியே எடுக்கும் டிரெயின் குழாயில் வரும் நிறத்தைப் பார்க்க வேண்டும். தண்ணீரோடு கலந்த இளஞ்சிவப்பு பரவாயில்லை. அடர்ந்த சிவப்பாக, பை சூடாக, நாடித்துடிப்பு ஏறிக்கொண்டே போனால் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். டிரெயினில் ஒன்றும் வரவில்லையே என்று நிம்மதியாகவும் இருக்காதீர்கள், குழாய் அடைத்திருக்கலாம். ஐசியூவில் தினமும் மூன்று நான்கு முறை குழாய் குழாயாக ரத்தம் எடுப்பதும் இழப்புதான், குழந்தைகளுக்கான சிறிய டியூபில் எடுக்கச் சொல்வேன். மறுநாளிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் ஊசி போடும்போது வீட்டார் பதறுவார்கள். ஐஎன்ஆர் ஏறியிருந்தாலும் இந்த நோயாளிகளுக்குக் காலில் ரத்தம் கட்டும் என்பதால்தான் அது.

வீட்டுக்குப் போன பிறகு இரும்பு மாத்திரை தொடரட்டும். மலம் தார் போலக் கருத்துப் போனால் அது மாத்திரையின் நிறமா, ரத்தமா என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். பிசுபிசுப்பும் கெட்ட நாற்றமும் தலைச்சுற்றலும் இருந்தால், காய்ச்சலோடு வயிறு வீங்கினால், தையல் வழியாகச் சிவப்போ பச்சையோ கசிந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழைத்து ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கே வந்துவிடுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டையும், நிறுத்தி வைத்திருந்த குளோபிடோகிரலை எந்தத் தேதியில் திரும்ப ஆரம்பிப்பது என்று எழுதிக்கொடுத்த தாளையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.